லிஸ்டர் பிரபு

போர்க்களத்தில் உயிர்களை மாய்த்துப் புகழ் கொண்டோர் சரிதங்களைப் பலரும் அறிவர். நோய்ப்படுக்கையில் உயிர்களைக் காத்துப் புகழ் கொண்டோர் சரிதங்களை அறிந்தோர் சிலரேயாவர். அத்தகைய சீரியோருள் ஒருவராகிய ஜோசப் லிஸ்டர் என்னும் ரண வைத்தியரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கி வரையப் புகுகின்றோம்.

லிஸ்டர் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5ஆம் தேதி, லண்டன் மாநகரை அடுத்த அப்டன் என்னும் ஊரில் பிறந்தனர். இவர்தம் பெற்றோர் எளிமையையும் அமைதியையும் பேணும் குவேக்கர் என்னும் கிறிஸ்தவக் கூட்டத்தினர். தந்தையார் திராட்சரச வணிகர். எனினும் ஓய்வு நேரங்களில் கண்ணாடி வில்லைகளை ஆராய்ந்து, உருப்பெருக்கிக் கருவியைச் செப்பஞ்செய்து, ராயல் சங்கத்தின் அங்கத்தினராகவும் விளங்கினார். ஆதலின், வெறுங்கண்ணுக்குப் புலனாகாத நுண்பொருள்களை நோக்கும் பழக்கம் மைந்தருக்கு இளமையிலேயே வாய்த்தது. லிஸ்டர் லண்டன் யூனிவர்சிடி கல்லூரியிற் பயின்று 1852இல் வைத்தியப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு எடின்பரோ நகரஞ் சென்று, ஜேம்ஸ் சைம் என்னும் புகழ்பெற்ற ரண வைத்தியரின் துணைவராய் அமர்ந்து, 1856இல் அவர்தம் புதல்வி ஆக்னஸை மணந்தார். கணவரின் ஆராய்ச்சிக் குறிப்புகளைத் தம் கையால் எழுதி உதவிய அவ்வம்மையார், இவருக்கு இல்லத்துணையாக மட்டுமன்றி அறிவுத்துணையாகவும் இலங்கினார்.

1860இல் லிஸ்டர் கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் ரண வைத்தியப் பேராசிரியரானார். மறு ஆண்டு அந்நகரத்து ராயல் ஆஸ்பத்திரியில் வைத்தியப் பொறுப்பும் ஏற்றார். கிளாஸ்கோ அக்காலத்தில் ஆலைகளாலும் கப்பற் பட்டறைகளாலும் நாடோறும் பெருகிவந்த நகரம். இயந்திரத்தில் அகப்பட்டோரும் வண்டிச் சக்கரத்தில் நசுங்கியோரும் விபத்துச் சாலைக்கு ஓயாது கொண்டுவரப்பட்டனர். இடம் போதவில்லை. ஆஸ்பத்திரி அதிகாரிகளோ, வருவோரைத் திருப்பி அனுப்ப மனமின்றி, கட்டடத்திற்கு வகுத்த அளவுக்கு மேலும் கட்டில்களை இடவே முயன்றனர். லிஸ்டர் அவர்களோடு இடையறாது வாதாட வேண்டியதாயிற்று. இருதிறத்தார் நோக்கமும் நன்றே. ஆயினும், இடம் பெற்றும் உயிர் பெறாது போவாராயின் நோயாளிகளுக்கு அதனால் விளையும் பயன் யாது?

1846இல் ஈதர் என்னும் மயக்கமருந்து ரண சிகிச்சையிற் புகுந்து, நோயாளியின் வேதனையை நீக்கியது. ஆனால் புண் சீழ்கொள்வதை அது தடுக்கவில்லை. எலும்பு முறிந்து தோலும் கிழிந்து வந்தோர்க்குக் காலையோ கையையோ வெட்டி நீக்குவதே வழியாயிருந்தது. வெட்டிய பின்னரும் பலர் புண் அழுகி இறந்தனர். கெட்ட காற்றே இதற்குக் காரணமென்று வைத்தியர் கருதினர். ஆகவே, கறைபடிந்த அங்கியோடும் கழுவாத கருவிகளோடும் ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குச் செல்வதில் அவர்கள் குற்றங் காணவில்லை. வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்பார் 1847இலேயே மருத்துவர் கைகழுவுதலாற் பிரசவ சாலையின் மரணங்களைக் குறைத்துக் காட்டியிருந்தும், அவர் சொல் அம்பலம் ஏறவில்லை.

நோயின் மூலத்தை நாடிய பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டுமென்பது நம் வள்ளுவர் வகுத்த நெறி. அந்நெறியையே லிஸ்டரும் பற்றினார். 1865இல், ரசாயனப் பேராசிரியராகிய தாமஸ் ஆண்டர்ஸன் வாயிலாக, பிரான்சு தேசத்துப் பாஸ்டரின் ஆராய்ச்சிகளை அறிந்தார். பண்டங்கள் புளிப்பதற்கும் அழுகுவதற்கும் நுண்ணுயிர்களே காரணமென்று பாஸ்டர் நிறுவியிருந்தார். அவ்வாறாயின் புண் அழுகுவதும் அவற்றாலன்றோ என்று லிஸ்டர் எண்ணினார். காய்ச்சிக் கிருமிகளைக் கொல்லும் முறை மனிதர் உடலுக்கு ஒவ்வாது. கார்லைல் நகரில் சாக்கடையின் நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் பயன்பட்டதை அறிந்து, அதனையே தேர்ந்தார்.

முதல் முயற்சி பயன்படவில்லை. 1865ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12ஆம் தேதி, வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். லிஸ்டர் அமிலத்தில் தோய்த்த துணியாற் புண்ணை மூடினார். நான்கு நாட்கள் கழித்துத் திறந்தபோது அழுகலின் அறிகுறியே இல்லை. ஆறு வாரங்களில் எலும்பு கூடியது. கால் வெட்டப்படாமலே சிறுவன் பிழைத்தான்.

1867இல் இம்முறையை லிஸ்டர் உலகறிய வெளியிட்டார். கைகளையும் கருவிகளையும் புண்ணைச் சூழ்ந்த தோலையும் அமிலநீராற் கழுவுதல் அதன் சாரம். அங்கங்களை வெட்டும் சிகிச்சையில் இதனைக் கையாளுமுன், 1864, 1866 ஆகிய ஆண்டுகளில், 35 பேருள் 16 பேர் மாண்டனர். கையாண்டபின் 1867 முதல் 1869 வரை 40 பேருள் மாண்டவர் அறுவரே. அவ்வாஸ்பத்திரிச் சுவரை அடுத்தோ, 1849இல் வாந்திபேதியால் இறந்தோரின் சவப்பெட்டிகள் நிலத்தின் மேற்பரப்புக்கு மிக அண்மையிற் புதைக்கப்பட்டிருந்தன. இடமும் காற்றும் மாறவில்லை. வைத்தியர் கைகளே மாறின.

இருந்தும் எதிர்ப்புக்குக் குறைவில்லை. கண்ணுக்குத் தோன்றாக் கிருமிகளைப் பலர் நகையாடினர். லிஸ்டர் எவரோடும் சினங்கொள்ளாது, தம் முறையை மேன்மேலும் திருத்தினார். 1871 முதற் காற்றில் அமிலநீரைத் தூவும் கருவியைக் கையாண்ட அவர், காற்றைவிடக் கையும் கருவியுமே மிகுந்த கேடு தருவன என்று தெளிந்தபின், அதனைத் தாமே கைவிட்டார். தாம் புனைந்ததைத் தாமே விலக்கும் நேர்மை யாவர்க்கும் எளிதன்று.

1877இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்றார். 1895 முதல் 1900 வரை ராயல் சங்கத்தின் தலைவராய் விளங்கினார். 1897இல் பிரபுப் பட்டம் பெற்றார். 1893இல் மனைவியாரை இழந்தபின் அவர் உள்ளம் தளர்ந்தது. 1912ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 10ஆம் தேதி உயிர்நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் பெறும் பேறு இருந்தும், அவர் விருப்பப்படியே மனைவியாரின் கல்லறைக்கருகே ஹாம்ப்ஸ்டெட்டில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

கார்பாலிக் அமிலத்தின் இடத்தை இன்று வேறு மருந்துகளும், கருவிகளைக் கொதிநீராவியால் தூய்மைசெய்யும் முறையும் கொண்டுவிட்டன. ஆயினும் லிஸ்டர் கண்ட விபத்துச் சாலை மறையவில்லை. கட்டில் போதாது நடைபாதையிலும் நோயாளிகள் கிடக்கும் அவசர சிகிச்சைப் பகுதிகள் இன்றும் பல நாடுகளில் உள. நெருக்கடி மிகும்போது முதலில் மறக்கப்படுவது கைத்தூய்மையே. அது மிகவும் வேண்டப்படுவதும் அப்பொழுதே. சாராயச் சத்துள்ள மருந்து நீரைக் கையிற் பூசித் தேய்க்க அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தை ஒவ்வொரு நோயாளிக்கும் மறவாது அளிப்பதே லிஸ்டர் பெருமானுக்கு நாம் எழுப்பும் மெய்யான நினைவுச் சின்னமாகும்.