காலஞ்சென்ற ஏ. வி. மெய்யப்ப செட்டியார்: இசைத்தட்டு வாணிகமும் பாரதியார் பாட்டும்

ஆடித் திங்கள் பிறந்துவிட்டால் நம் திருவள்ளூர்ப் பக்கத்து அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் நாளன்று விடியுமுன்பே ஒலிபெருக்கி பாடத் தொடங்கிவிடுகின்றது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவுமுறை வேலை முடித்து வீடு திரும்புவோர் அப்பாட்டைக் கேட்டுக்கொண்டே வருகின்றனர். பாட்டு யாருடையது என்று அவர் கேளார். யாமும் நெடுநாள் கேட்டிலம். எம் பாட்டனார் பொன்னேரியை அடுத்த சிற்றூர்களில் கலியாண வீடுகளுக்கும் கோயில் விழாக்களுக்கும் கிராமபோன் பெட்டியை வாடகைக்குக் கொடுத்து வாழ்ந்தவர். அவர் விட்டுச்சென்ற மரப்பெட்டியைச் சென்ற கோடை விடுமுறையில் திறந்தபொழுது, எழுத்து மங்கிய அரக்குத் தட்டொன்றில் சரசுவதி ஸ்டோர்ஸ் என்னும் பெயர் கண்ணிற் பட்டது. அப்பெயரைப் பின்பற்றிப் போனதன் பயனே இக்கட்டுரை.

அக்கடையை நண்பரொடு கூடி நிறுவியவர் ஏ. வி. மெய்யப்ப செட்டியார். திரைப்பட முதலாளி ஏ.வி.எம். என்றே நம் அன்பர் பலர் அவரை அறிவர். ஆனால் படத்துக்கு முன் அவர் பாட்டு வணிகர் என்பதனையும், பாட்டை வணிகம் செய்தவர் ஒருவர்க்குப் பாட்டாலேயே ஒரு சோதனை வந்தது என்பதனையும் அறிந்தார் சிலரே.

அவர் 1907 சூலை 28-ஆம் நாள் காரைக்குடியிற் பிறந்தார். தந்தையார் ஆவிச்சி செட்டியார் அவ்வூரில் ஏ. வி. அண்டு சன்ஸ் என்னும் கடை வைத்திருந்தார். கிராமபோன் தட்டுகளும் அங்கு விற்கப்பட்டன. மகனார் இளமையிலேயே கடையில் அமர்ந்தார். எந்தத் தட்டை மக்கள் கேட்டு வாங்குகின்றனர், எது தூசி படிந்து கிடக்கின்றது என்பதனைக் கடையில் நின்று கற்பதுபோற் பிறிதோரிடத்துக் கற்றல் அரிது. பிறர் செய்த தட்டை விற்பதினும் தாமே தட்டுச் செய்விப்பது மேல் என்னும் எண்ணம் அவர்க்கு அங்கேதான் முளைத்திருத்தல் வேண்டும். 1932-ஆம் ஆண்டளவிற் சென்னைக்கு வந்து, கே. எஸ். நாராயண ஐயங்கார், சுப்பையா செட்டியார் என்பாருடன் பங்கு சேர்ந்து சரசுவதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். ஓடியன் என்னும் செருமானியக் குழுமத்தின் பெயரில் தட்டுகள் வெளிவந்தன. பாடுவோரைத் தேடுவதும், பாட்டைத் தெரிவதும், ஒத்திகை பார்ப்பதும் இங்குள்ளார் பொறுப்பு.

அத்தொழிலின் அருமையை இக்காலத்துப் பிள்ளைகட்குச் சிறிது விளக்க வேண்டும். அரக்கோடு கற்பொடி முதலியன கலந்து அழுத்திச் செய்த தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், மிஞ்சினால் மூன்றரை நிமிடந்தான் பாட இடமுண்டு. கைப்பிடியைச் சுற்றி வில்லை முறுக்க வேண்டும். ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும். கைதவறினால் தட்டு ஓடுபோல் உடையும். ஓர் இரவு முழுதும் ஆலாபனை செய்யும் வித்துவான் மூன்று நிமிடத்தில் இராகத்தையும் கீர்த்தனையையும் முடித்தாக வேண்டும். நம் பகுதித் தெருக்கூத்து வாத்தியார் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கட்டியங்காரன் வந்து போவதற்கே அவர்க்கு அரைமணி நேரம் ஆகும். அவரை மூன்று நிமிடத்துள் அடக்குவது எங்ஙனம்? ஆதலின் நாடகங்களைப் பல தட்டுகளாகப் பகுத்து ஒரு கட்டாக விற்கும் வழக்கம் வந்தது. எந்த இடத்தில் கதையை நிறுத்தித் தட்டைத் திருப்பச் செய்வது என்பதே ஒரு கலையாயிற்று. பாடியவர்க்கு ஒருமுறை கொடுத்த தொகையோடு கணக்குத் தீர்வதும் உண்டு. விற்குந்தோறும் பங்கு கொடுப்பதும் உண்டு. ஊர்தோறும் வழங்கிய சிந்தும் கும்மியும் காவடிப்பாட்டும் இவ்வாறு தட்டேறி விலைப்பொருளாயின. யார் இயற்றினார் என்று தெரியாத பாட்டுக்கு யாரிடம் உரிமை வாங்குவது என்னும் வினா அந்நாளில் எழவேயில்லை.

இசைத்தட்டிற் கண்ட ஊதியம் அவரைப் பேசும்படத்துக்கு இழுத்தது. 1935-இல் கல்கத்தாவிற் படம்பிடித்த அல்லி அர்ஜுனாவும், அவ்வாண்டே எடுத்த இரத்நாவளியும் கையைச் சுட்டன. அவர் சோர்ந்து காரைக்குடிக்குத் திரும்பவில்லை. 1938-இல் நந்தகுமார் என்னும் படத்தில், நடித்த பெண்மணியின் குரலுக்கு மாற்றாக லலிதா வேங்கடராமன் என்பாரைப் பாடவைத்து இணைத்தார்; பின்னணிப் பாட்டு என்று இன்று நாம் சொல்லும் முறை தமிழ்ப்படத்தில் அதனோடு தொடங்கியது என்பர். 1945-இல் ஸ்ரீவள்ளி எடுத்தபொழுதும், படம் முடிந்த பின்னர், குமாரி ருக்மிணி பாடிய பாட்டுகளை நீக்கிப் பி. ஏ. பெரியநாயகியின் குரலைப் பொருத்தினார். அக்குரல் ஊர்தோறும் ஒலித்தது. இசைத்தட்டு வணிகரின் செவி இங்கே புலப்படுகின்றது. முகம் ஒருவருடையதாகவும் குரல் இன்னொருவருடையதாகவும் இருக்கலாம் என்று துணிவதற்கு, முகமே இல்லாத குரலைப் பல ஆண்டு விற்றுப் பழகியிருத்தல் வேண்டும்.

இனி நாம் சொல்லவந்த செய்திக்கு வருவோம்.

சுப்பிரமணிய பாரதியார் 1921 செப்டம்பரில் மறைந்தபொழுது அவர் குடும்பத்துக்கு எஞ்சியவை கடனும் கையெழுத்துப் படிகளுமே. 1928-இல் அரசு அவர் நாட்டுப்பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. பாட்டோ மேலும் பரவியது. சிந்தும், கும்மியும், பள்ளும், கண்ணியும் ஆகிய மக்கள் மெட்டுகளில் அவர் பாடியதால் எழுத்தறியாதாரும் கேட்டவுடன் கைக்கொண்டனர். இத்தகைய பாட்டு இசைத்தட்டுக்கு எவ்வளவு ஏற்றது என்பதனை முதலிற் கண்டவர் சென்னையில் வாணிகம் செய்த ஜேசிங்லால் மேத்தா என்னும் குசராத்தியர். நூல் பதிப்பிக்கும் உரிமை பாரதியாரின் தம்பி விசுவநாத ஐயரிடம் சேர்ந்திருக்க, ஒலிப்பதிவு உரிமையை 1930-களில் மேத்தா மிகச் சிறு தொகைக்கு வாங்கினார். அவரிடமிருந்து 1946-இல் ஏறக்குறைய 10,000 ரூபாய் கொடுத்து அவ்வுரிமையை மெய்யப்ப செட்டியார் வாங்கினார்.

அடுத்த ஆண்டே நாம் இருவர் என்னும் படம் வெளிவந்தது. சென்னையில் மின்சாரத் தட்டுப்பாடு இருந்தமையால், காரைக்குடிக்கு அண்மையில் தேவகோட்டை ரஸ்தாவிற் கொட்டகை அமைத்து அப்படத்தை எடுத்தனர். டி. கே. பட்டம்மாள் பாரதியாரின் சுதந்திரப் பள்ளைப் பாட, சிறுமி கமலா அதற்கு ஆடினார். நாடு விடுதலை பெறுவதற்குச் சில திங்கள் முன்பே விடுதலை வந்துவிட்டதாகப் பாடும் அப்பாட்டு கொட்டகைதோறும் முழங்கியது. உழவர் பள்ளு மெட்டு, கச்சேரி மேடை விதுஷியின் குரல், காரைக்குடி வணிகரின் முதல் ஆகிய மூன்றும் ஒன்றுகூடியது நல்லூழ் என்றே யாம் கொள்கின்றோம்.

ஆயினும் நல்லூழுக்கும் ஒரு விலையுண்டு. 1948-இல் டி. கே. எஸ். சகோதரர் பில்ஹணன் என்னும் தம் படத்தில் பாரதியாரின் கண்ணன் பாட்டு ஒன்றை அமைத்தனர். அவர்கள் மேடையிற் பாரதியார் பாட்டைப் பலகாலமாகப் பாடிவந்தவர்கள். உரிமை தம்முடையது என்று செட்டியார் தரப்பில் வழக்குத் தொடரப்பட்டது. பாரதியின் பாட்டு ஒருவர் உடைமையாவதா என்று அவ்வை தி. க. சண்முகம் எதிர்த்து நின்றார். எழுத்தாளரும் இதழாசிரியரும் கொதித்தெழுந்தனர், வ. ரா., நாரண துரைக்கண்ணன் முதலியோர் முன்னின்று பாரதியார் நூல்களை நாட்டுடைமை ஆக்க வேண்டுமென்று கிளர்ச்சி செய்தனர். நாரண துரைக்கண்ணனும் சண்முகமும் திருநெல்வேலிக்குச் சென்று செல்லம்மாள் அம்மையாரைக் கண்டு இசைவு பெற்று வந்தனர்.

இவ்விடத்துச் செட்டியாரைக் கொடியவராகவும், பின்னர் அவர் செய்த கொடையைக் கண்டு தெய்வமாகவும் காட்டும் கட்டுரைகள் உண்டு. இரண்டும் எமக்கு உடன்பாடல்ல. அவர் பணம் கொடுத்து வாங்கிய பொருளைக் காக்க முற்பட்டார். அது சட்டத்துக்கு மாறன்று. வாங்கிய உரிமையைப் பிறர் எடுக்கக் கண்டு வாளாவிருப்பவர் வணிகம் செய்ய இயலாது என்பதனை நம் சங்கத்துக் கடைக்காரர் எவரைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அவர் வாங்கியது அரிசி மூட்டையன்று. சிறைவாயிலிலும் ஊர்வலத்திலும் மக்கள் தம் வாயாற் பாடித் தமதாக்கிக்கொண்ட பாட்டு அது. பாடினவர் எவரும் பத்திரம் எழுதி வாங்கினாரல்லர். இவ்விரு நியாயங்களும் ஒரே பொருளின்மேல் வந்து மோதின. மோதிய நாளில் வழக்கு மன்றத் தீர்ப்பால் ஒருவர் வென்றிருப்பின், மற்றவர்க்கு ஆறாப் புண்ணாகியிருக்கும்.

அப்பொழுது சென்னை மாகாணத்து முதலமைச்சராக இருந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். அவர்தம் அரசு பாரதியார் பாட்டின் உரிமைகளை ஏற்றுக்கொள்ளத் துணிந்தது. 1949-இல் அது நிறைவேறியது. செல்லம்மாள் அம்மையார்க்கும் இரு பெண்மக்கட்கும் தலைக்கு 5,000 ரூபாயாக 15,000 ரூபாய் அளிக்கப்பட்டது. மெய்யப்ப செட்டியார் தம்மிடமிருந்த ஒலிப்பதிவு உரிமையை ஒரு காசும் பெறாமல் விட்டுக்கொடுத்தார். கொடுத்த 10,000 ரூபாயைத் திரும்பக் கேட்டிருந்தாலும் எவரும் குறைகூறியிரார். ஊர்ப்பழிக்கு அஞ்சிக் கொடுத்தாரா, உவந்து கொடுத்தாரா என்று சிலர் ஆராய்வர். அரைமனத்தோடு கொடுப்பவன் பாதி விலையாவது கேட்பான் என்பது எம் கருத்து. சில ஆண்டுகளில் அரசும் தன் உரிமையைத் துறந்து பாட்டைப் பொதுவாக்கியது. ஓர் அரசு ஒரு கவிஞரின் உரிமையை வாங்கி உலகுக்குத் தந்தது அதுவே முதன்முறை என ஆராய்ந்தோர் கூறுவர்.

அதன்பின் அவர் வாழ்வு திரைப்பட வரலாறாகவே விரிகின்றது. 1948-இற் சென்னை வடபழனிக்குக் கொட்டகை வந்து சேர்ந்தது. 1952-இற் பராசக்தி வெளிவந்தது. மற்றவை யாவரும் அறிந்தவை. தட்டு வாணிக நாளிலிருந்து உடனிருந்த ஆர். சுதர்சனமே பல்லாண்டு அவர் படங்கட்கு இசையமைத்தார் என்பது மட்டும் இங்குக் குறிக்கத்தக்கது; கடைநாள் நட்பை அவர் விட்டாரல்லர். 1979 ஆகத்து 12-ஆம் நாள் செட்டியார் இயற்கை எய்தினார்.

சென்ற ஆண்டு எம் மாணவன் ஒருவன், ஊர்த் திருவிழாவிற் கூத்தாடிய முதியவர் ஒருவரின் பாட்டைத் தன் கைப்பேசியிற் பதிந்து ஊரெங்கும் பரப்பினான். முதியவர்க்கு மகிழ்ச்சிதான். ஆயினும் எம்மைத் தனியே அழைத்து, அந்தப் பாட்டுத் தம் குருவினுடையது, அவர் பெயரை ஓரிடத்திலாவது போடச் சொல்லலாகாதா என்று கேட்டார். பையனிடம் சொன்னோம், போட்டான்.

பாட்டனார் பெட்டியிலிருந்த தட்டு விளிம்பிற் சிறிது விண்டிருக்கின்றது. நடுப்பகுதி நன்றாகவே உள்ளது. பாடியவர் பெயர் படிக்க இயலவில்லை. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தன்று அதனை எடுத்துவருவோம். அன்பர் எவர் வீட்டுப் பரணிலேனும் ஓடும் நிலையில் கிராமபோன் பெட்டியும் இரண்டொரு ஊசியும் இருப்பின், அருள்கூர்ந்து அன்று கொண்டுவருமாறு வேண்டுகின்றோம்.