எழும்பூரில் உருவான போதனா முறை

தேசத்தில் கல்வி ஓங்கவேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். பள்ளிக்கூடங்கள் வேண்டும், உபாத்தியாயர்கள் வேண்டும், பணம் வேண்டும் என்கிறோம். ஆனால் பாடத்தை எவ்வாறு பகுப்பது, எதை முன்னே வைப்பது, பிள்ளை கற்றுக்கொண்டதை எதைக் கொண்டு அறிவது என்று கேட்பவர் மிகச் சிலர். வீடு கட்டுமுன் கொத்தனார் நூல் பிடிப்பதுபோல், பாடம் சொல்லுமுன் போதகனும் ஓர் ஒழுங்கு வகுத்துக்கொள்ளவேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம். இவ்வுண்மையை நமது சென்னையில் கற்றுக்கொண்டு சீமைக்கு எடுத்துச் சென்ற ஒருவரின் சரித்திரத்தை இன்று வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

ஆண்ட்ரூ பெல் 1753-ம் வருஷம் ஸ்காட்லாந்திலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ஒரு நாவிதரின் குமாரராகப் பிறந்தார். அவ்வூர்ச் சர்வகலாசாலையில் கணிதமும் பௌதிகமும் பயின்று, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சில வருஷம் தனி உபாத்தியாயராக இருந்து, 1787-ல் சென்னைக்கு வந்தார். கும்பினிப் பட்டாளங்களுக்குப் பாதிரியாகப் பல பதவிகளை ஒருங்கே வகித்துப் பெரும் பொருளும் ஈட்டினார். ஆனால் 1789-ல் எழும்பூரில் சிப்பாய்களின் அநாதை ஆண்பிள்ளைகளுக்கென்று விடுதி ஏற்பட்டபோது, அதன் மேற்பார்வையைச் சம்பளமின்றி ஏற்றுக்கொண்டார். ஐரோப்பியப் போர்வீரர்களுக்கு இந்நாட்டு மாதரிடம் பிறந்து, இரு சமூகத்தாராலும் கைவிடப்பட்ட பிள்ளைகளே அங்கு பெரும்பாலோர்.

விடுதியில் உபாத்தியாயர்கள் இருந்தார்கள், படிப்புத்தான் இல்லை. எழுத்துக்களைக் கற்பிக்கவே மாதங்கள் கழிந்தன. ஒரு நாள் காலை குதிரைமீது சென்ற பெல், வழியில் ஒரு தமிழ்த் திண்ணைப் பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் மணலைப் பரப்பி, வாயால் எழுத்தைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். முன்னேறிய பிள்ளை பின்தங்கிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தான். நமக்கு இது வியப்பன்று. சட்டாம்பிள்ளையை அறியாத தமிழர் உண்டோ? ஆனால் பெல்லுக்கு அது புதையலாகத் தோன்றிற்று.

திரும்பிச் சென்று, மணலில் எழுதக் கற்பிக்குமாறு தமது உபாத்தியாயர்களுக்கு உத்தரவிட்டார். அவர்கள் இயலாதென்றனர். பெல் அவர்களோடு வாதாடிக் காலம் போக்கவில்லை. ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை, ஒரு சாதாரணப் போர்வீரனின் மகனை, அழைத்து அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்கள் இயலாதென்றதைச் சிறுவன் செய்துகாட்டினான்.

இதுவரை பெல் கடன் வாங்கினார்; இதன்மேல்தான் அவருடைய சொந்த உழைப்பு தொடங்குகிறது. திண்ணையில் வழக்கமாக நடந்ததை அவர் முறையாக வகுத்தார். பாடத்தைச் சிறு சிறு படிகளாக்கினார். ஒரு படி பிழையறத் தேறாமல் அடுத்த படி இல்லை. வகுப்பில் ஒவ்வொரு மாணாக்கனுக்கும் ஒரு துணைப் போதகன். நன்கு படித்தவன் வரிசையில் மேலேறுவான், தவறியவன் கீழிறங்குவான். மிகத் தேறினவன் அடுத்த வகுப்புக்குப் போவான். அன்றன்று முடித்த பாடம் ஏட்டில் பதிவாயிற்று. குற்றங்களுக்கும் ஓர் ஏடு இருந்தது. அவற்றைப் பிள்ளைகளே கூடி விசாரித்தனர். நியாயஸ்தலங்களில் பழகிய நமக்கு இவ்வேற்பாடு மிகுந்த இன்பம் அளிக்கிறது. தண்டனை குறைந்தது, கல்வி வளர்ந்தது.

1796-ல் சீமைக்குத் திரும்பிய பெல், மறு வருஷமே தமது சோதனையை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் லண்டனில் இதையொத்த பள்ளி நடத்தினார்; முறையை முதலில் கண்டவர் யார் என்று இருவருக்கும், அவர்களைச் சார்ந்த மதப் பிரிவினருக்கும் நெடுங்காலம் பூசல் நடந்தது. நிற்க. 1811-ல் இங்கிலாந்தில் ஏழைகளின் கல்விக்கென ஏற்பட்ட தேசியச் சங்கம் பெல்லின் முறையைக் கைக்கொண்டது. 1832-ல் அவர் காலமானபோது, சென்னை முறை என்றே பெயர் பெற்ற அம்முறையில் 12,000-க்கு மேற்பட்ட பள்ளிகள் நடந்தன. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தனர். அவர் விட்டுச்சென்ற பொருளால் செயின்ட் ஆண்ட்ரூஸில் சென்னையின் பெயர் தாங்கிய பள்ளி எழுந்தது. 1876-ல் ஸ்காட்லாந்தின் இரு சர்வகலாசாலைகளில் போதனா சாஸ்திரத்துக்குப் பேராசிரியர் பீடங்களும் ஏற்பட்டன.

கடனை அவர்கள் மறைக்கவுமில்லை. இந்தியாவின் பழைய போதனா முறையையே பெல் இங்கிலாந்தில் பரப்பினார் என்று கும்பினி டைரக்டர்களே 1814-ல் எழுதியிருக்கின்றனர். ஆயினும் இங்கு நடந்ததென்ன? தாமஸ் மன்றோ எடுப்பித்த கணக்கின்படி, சென்னை ராஜதானியில் அப்போது 12,498 பாடசாலைகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் பயின்றனர். இப்பள்ளிகளைப் பேணி வளர்க்க வேண்டிய ஆட்சி அவற்றைக் கவனியாது விட்டது. விதையை எடுத்துச் சென்றவர்கள் வயலுக்கு நீர் பாய்ச்சவில்லை.

எனினும் பழம்பெருமை பேசி மகிழ்வது நமது நோக்கமன்று. அதே கணக்கில் பெண் குழந்தைகள் 4,540 பேர்தாம் என்பதை நாம் மறக்கலாகாது. பெல்லிடமும் குறை உண்டு. ஏழைக்கு அளவுக்கு மிஞ்சிய கல்வி ஆகாதென்று அவர் எண்ணினார். செலவு குறையுமென்ற ஆசையால் அவர் முறை சீமையில் வெறும் மனப்பாட யந்திரமாகத் தேய்ந்து, சில பத்தாண்டுகளில் கைவிடப்பட்டது. முறை எத்துணை நன்றாயினும், உபாத்தியாயரின் இடத்தை அது நிரப்பாது.

ஆனால் அதன் சாரம் அழியவில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், குழந்தை தன் வேகத்தில் படிப்படியாக ஏணி ஏறியதை நாம் கண்டோம். 2021-ல் இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டத்தில் தன்னார்வலர்கள் தெருத்தோறும் பாடம் சொல்ல முன்வந்ததையும் கண்டோம்.

பூவிருந்தவல்லிக்கு மேற்கே குத்தம்பாக்கம் போன்ற ஓர் ஊரில், மாலை வேளையில் இருபது பிள்ளைகளைக் கூட்டிவைத்துக்கொண்டு என்ன செய்வதென்று திகைக்கும் இளைஞர் ஒருவரை எண்ணிப்பாருங்கள். அவருக்குக் கட்டிடம் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் எது தெரியும் என்று முதலில் அறியட்டும். பாடத்தைச் சிறு படிகளாக்கட்டும். ஐந்தாம் வகுப்புப் பெண்ணை இரண்டாம் வகுப்புப் பையனுக்குத் துணையாக அமர்த்தட்டும், அவளுடைய சொந்தப் படிப்புக்குக் குறைவு வராமல். அன்றன்று தேறியதைக் குறித்துவைக்கட்டும். ஊழியத்துக்கு உற்சாகம் மட்டும் போதாது, ஒழுங்கும் வேண்டும். நம் திண்ணையில் கற்ற பாடத்தை அந்நியர் ஒருவர் உலகுக்குச் சொன்னார். அதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாமே சொல்லிக்கொடுக்கத் தயங்குவது தகுமா?