ஓமந்தூர் ரெட்டியார்

அதிகாரம் கைக்கு வந்த பின்னர் ஒருவர் எங்ஙனம் நடந்துகொள்கிறார் என்பதே அவரது தேசபக்திக்கு உரைகல். அவ்வுரைகல்லில் மாற்றுக் குறையாது நின்றவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் என்பது நமது துணிபு.

தென்னாற்காடு ஜில்லாவில், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில், 1895-ஆம் ஆண்டில் விவசாயக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். காங்கிரஸில் சேர்ந்து தேச விடுதலைக்குத் தொண்டாற்றினார். பதவியை அவர் நாடிச் சென்றவரல்லர். ஆயினும் பிரகாசம் மந்திரி சபை விலகியதும், 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரிப் பொறுப்பு இக்குடியானவரை வந்தடைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி சுதந்திரக் கொடி ஏறியபோது மாகாண ஆட்சி அவர் கையில் இருந்தது.

இரண்டே ஆண்டுகளில் அவரது சர்க்கார் செய்தவற்றை எண்ணிப் பாருங்கள். 1947-இல் ஹரிஜனங்களுக்கு ஆலயக் கதவுகளைத் திறக்கும் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கமும் சட்டத்தால் தடுக்கப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நெடுங்காலம் பாடுபட்டதன் பலன் அது. 1948-இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் பரவிற்று.

இவற்றினும் குடியானவர் நெஞ்சுக்கு நெருங்கியது, 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டமே. 1802-ஆம் ஆண்டு முதல் நிரந்தர நிலவரி முறையின் கீழ், குடிகளுக்கும் சர்க்காருக்கும் இடையே ஜமீன்தார்கள் நின்று வந்தனர். அவர்களுக்கு நஷ்ட ஈடு தந்து நிலங்களை ரயத்துவாரி முறைக்குக் கொணர அச்சட்டம் வழி செய்தது. வாரத்துக்கும் கூலிக்கும் பாடுபட்ட ஏழைகளின் குறை அதனால் தீர்ந்துவிடவில்லை என்பது மெய்யே. எனினும் ஒன்றரை நூற்றாண்டுக் கட்டு அன்று அறுபட்டது.

நிர்வாகத்தில் சிபாரிசுக்கு அவர் இடங்கொடுத்தாரில்லை. சொந்தக் கட்சியினர் வந்து கேட்டபோதும் இணங்கினாரில்லை. அதனால் சட்டசபைக் கட்சிக்குள் அதிருப்தி வளர்ந்தது. 1949 ஏப்ரலில் அவர் பதவி துறந்தார். குமாரசாமி ராஜா அவ்விடத்துக்கு வந்தார். சலுகை வழங்கிப் பதவியைக் காத்துக்கொள்ளும் வழி ரெட்டியாருக்குத் தெரியாததன்று. அவ்வழியை அவர் வேண்டாமென்று ஒதுக்கினார்.

பின்னர் வள்ளலாரின் வடலூரை நாடிச் சென்று, கல்விப் பணியிலும் அநாதைச் சிறுவர்களைப் பேணும் பணியிலும் ஈடுபட்டார். 1970 ஆகஸ்டில் மறைந்தார். சென்னையில் அரசினர் தோட்டம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெயர் சூட்டுவது எளிது. தேர்தலில் வென்ற மறுநாளே சிபாரிசுக் கடிதத்துடன் வாயிலில் நிற்கும் நண்பனுக்கு, இயலாது என்று சொல்வதே அரிது. பொதுவாழ்வில் இறங்கும் தொண்டர்கள் அவ்வரிய செயலுக்குத் தங்களைப் பழக்கிக்கொள்வார்களாயின், அதுவே ரெட்டியாருக்கு நாம் செலுத்தும் மெய்யான மரியாதையாகும்.