பிடில் தந்த பெரியார் பாலுசாமி தீட்சிதர்

தியாகேசப் பெருமான் எழுந்தருளியுள்ள திருவாரூரில் 1786-இல் இராமசாமி தீட்சிதரின் மைந்தராய்த் தோன்றியவர் பாலுசாமி தீட்சிதர்; முத்துசாமி தீட்சிதரின் இளவலார். மணலி முதலியார் குடும்பத்தாரின் ஆதரவால், சென்னையில் ஐரோப்பிய வித்துவான் ஒருவரிடம் மூன்றாண்டுகள் பிடில் பயின்றார்.

மேனாட்டு முறையில் இடக்கை விரல் பெரிதும் சுரத்தானத்தில் ஊன்றி நிற்கும். நம் இசைக்கோ கமகமே உயிர். விரல் தந்திமேல் இழைந்தும் அசைந்தும் செல்லல் வேண்டும். வீணைக்குள்ள மெட்டுகள் பிடிலுக்கு இல்லை. ஆதலின் இழைவுக்குத் தடையில்லை. வழிகாட்டும் அடையாளமும் இல்லை. செவியே துணையாக விரல் இடையறாது பழகினாலன்றிச் சுருதி சேராது. அவ்வரிய சாதகத்தால் வேற்றுநாட்டுக் கருவி நமக்கு உரிமையாயிற்று.

1824-இல் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாய் அமர்ந்த தீட்சிதர் 1859-இல் இறைவனடி சேர்ந்தார். இன்று இசையரங்குதோறும் ஒலிக்கும் பிடிலில் அவர்தம் உழைப்பும், அதனைத் தாங்கிய புரவலரின் கொடையும் வாழ்கின்றன.