ஹாரி மார்ஷல் வார்ட்

ஹாரி மார்ஷல் வார்ட் (மார்ச் 21, 1854 – ஆகஸ்ட் 26, 1906) இங்கிலாந்தைச் சேர்ந்த தாவரவியலாளரும் பூஞ்சையியலாளரும் ஆவார். தாவர நோயியல் தனி அறிவியல் துறையாக வளர்வதற்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். இலங்கையின் காப்பிப் பயிரை அழித்த இலைத் துரு நோய் எவ்வாறு பரவுகிறது, எவ்வாறு இலைக்குள் நுழைகிறது என்பவற்றை ஆய்வின் மூலம் நிறுவியவர் இவர்.

பிறப்பும் கல்வியும்

வார்ட் இங்கிலாந்தின் ஹெரிபோர்டு நகரில் பிறந்தார். மான்செஸ்டரில் இருந்த ஓவன்ஸ் கல்லூரியிலும், பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட்ஸ் கல்லூரியிலும் பயின்று 1879 இல் பட்டம் பெற்றார். அதன்பின் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில், தாவர உடலியங்கியல் அறிஞர் ஜூலியஸ் சாக்ஸின் ஆய்வகத்தில் பயிற்சி பெற்றார்.

காப்பி இலைத் துரு நோய்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காப்பி இலங்கையின் முதன்மையான ஏற்றுமதிப் பொருளாக இருந்தது. மலைநாட்டுக் காடுகள் அழிக்கப்பட்டு, இடைவெளியின்றித் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள் அவற்றில் வேலை செய்தனர்.

1869 இல் காப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் துவைட்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்த மைல்ஸ் பெர்க்லி, அது அதுவரை அறியப்படாத பூஞ்சை எனக் கண்டார். அவரும் புரூமும் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டனர்.

நோயுற்ற செடிகள் இலைகளை உதிர்த்துவிட்டு மீண்டும் துளிர்த்தன. இதனால் தொடக்கத்தில் பலர் நோயைப் பெரிதாக எண்ணவில்லை. காப்பியின் விலை உயர்ந்திருந்ததால் விளைச்சல் குறைந்ததும் முழுமையாக உணரப்படவில்லை. 1870களில் தோட்டங்கள் மேலும் விரிவாக்கப்பட்டன. மீண்டும் மீண்டும் இலை உதிர்ந்ததால் செடிகள் வலுவிழந்தன. மண் வளக்குறைவு, உரக்குறைவு, தட்பவெப்பம் ஆகியவையும் காரணங்களாகக் கூறப்பட்டன.

இலங்கையில் ஆய்வு

1880 இல் அரசு வார்டை இந்நோயை ஆராய நியமித்தது. அவர் சுமார் இரண்டு ஆண்டுகள் இப்பணியில் ஈடுபட்டார்.

நோயுற்ற செடியின் மீது காணப்படும் பூஞ்சைகள் அனைத்தும் நோய்க்குக் காரணமானவை அல்ல. எனவே நோய்க்காரணியை, செடியின் மீது வெறுமனே வாழும் பிற உயிரிகளிலிருந்து வார்ட் பிரித்தறிய வேண்டியிருந்தது. அவர் துருப் பூஞ்சையின் வித்திகளை நலமான இலைகளில் இட்டு, நிகழ்வதைப் படிப்படியாக நுண்ணோக்கியில் கண்டார். நீர்த்துளி இருந்தால் வித்தி முளைக்கும். முளைக்குழாய் இலைத்துளை வழியாக உள்ளே நுழையும். பூஞ்சை இழைகள் உயிரணுக்களுக்கு இடையே பரவி உணவை உறிஞ்சும். சில வாரங்களில் அதே இடத்தில் புதிய வித்திகள் வெளிப்படும். பசையுள்ள கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, வித்திகள் காற்றில் பரவுவதையும் அவர் காட்டினார்.

இம்முடிவுகள் மருந்திடும் முறையையும் தெளிவாக்கின. பூஞ்சை இலைக்குள் நுழைந்த பின்னர், இலையைக் கொல்லாமல் அதை அன்று அழிக்க இயலவில்லை. எனவே வித்தி முளைக்கும் முன்னரே மருந்து இலையின் மீது இருக்க வேண்டியிருந்தது. அக்காலத்தில் கந்தகமும் சுண்ணாம்பும் பயன்படுத்தப்பட்டன. ஆயினும் பரந்த தோட்டங்களை அவற்றால் காக்க முடியவில்லை. பூஞ்சைக்கொல்லியான போர்டோ கலவை 1885 இல்தான் பிரான்சில் அறிமுகமானது.

ஒரே பயிரைத் தடையின்றிப் பெரும்பரப்பில் பயிரிட்டதே நோய் பெருகுவதற்கு வழிவகுத்தது என வார்ட் சுட்டிக்காட்டினார். இடையே மரங்கள் நின்றிருந்தால் காற்றில் வரும் வித்திகள் ஓரளவு தடுக்கப்பட்டிருக்கும். ஆனால் இவ்விளக்கம் கிடைத்தபோது நோய் தோன்றிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது, காடுகளும் அழிக்கப்பட்டிருந்தன.

விளைவுகள்

வார்டின் ஆய்வு நோயின் காரணத்தை உறுதி செய்தது. எனினும் இலங்கையின் காப்பித் தொழிலைக் காப்பாற்றவில்லை. தோட்டங்கள் பல கைவிடப்பட்டன. தோட்டங்களுக்குக் கடன் அளித்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 இல் வீழ்ந்தது. தொழிலாளர்கள் பலர் வேலை இழந்தனர். காப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. காப்பி அறுவடை பருவத்திற்கு உரியது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. ஆகவே தொழிலாளர்கள் குடும்பங்களுடன் தோட்டங்களிலேயே நிலையாகத் தங்கும் நிலை உருவானது.

பிற்கால வாழ்க்கை

இங்கிலாந்து திரும்பிய வார்ட், 1885 இல் கூப்பர்ஸ் ஹில்லில் இருந்த அரச இந்தியப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கு இந்திய வனத்துறைப் பணிக்குச் செல்லவிருந்த மாணவர்களுக்குத் தாவரவியல் கற்பித்தார். 1888 இல் வேந்தியக் கழகத்தின் உறுப்பினராகத் தேர்வு செய்யப்பட்டார். 1893 இல் அதன் வேந்தியப் பதக்கத்தைப் பெற்றார். 1895 முதல் இறக்கும் வரை கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியராக விளங்கினார். தாவரங்களின் நோய்கள், மரங்களின் நோய்கள், புற்கள் ஆகியவை பற்றி நூல்கள் எழுதினார்.

லில்லிச் செடியின் பூஞ்சை நோய், அவரை இனச் செடிகளின் வேர் முடிச்சுகள், இஞ்சிப் பானத்தைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிரிகள் ஆகியவற்றையும் ஆராய்ந்தார். துருப் பூஞ்சைகள் இடைப்பட்ட செடியினம் ஒன்றின் மூலம் புதிய செடியினத்தைத் தாக்கும் திறன் பெறுகின்றன என்ற அவரது கருத்தைப் பின்வந்த ஆய்வுகள் ஏற்கவில்லை.

வார்ட் 1906 இல் தமது 52ஆம் வயதில் காலமானார். தாவரங்களைத் தேடி ஆசியாவில் பயணங்கள் மேற்கொண்ட பிராங்க் கிங்டன்-வார்ட் இவருடைய மகன்.

முக்கியத்துவம்

காப்பி இலைத் துரு நோய் 1970 இல் பிரேசிலில் கண்டறியப்பட்டது. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் மத்திய அமெரிக்காவில் கடும் இழப்பை ஏற்படுத்தியது. இந்நோய் இன்றும் காப்பிப் பயிரின் மிக முக்கியமான நோய்களுள் ஒன்றாகும். புதிய நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிதல், காரணியை ஆய்வின் மூலம் உறுதி செய்தல், ஒரே பயிரை மட்டும் நம்பியிராமை ஆகியவற்றின் தேவைக்கு இலங்கைக் காப்பியின் வரலாறு எடுத்துக்காட்டாக விளங்குகிறது.