ஜான் சார்ன்லி

சர் ஜான் சார்ன்லி (ஆகஸ்ட் 29, 1911 – ஆகஸ்ட் 5, 1982) இங்கிலாந்தைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் ஆவார். இடுப்பு மூட்டு மாற்று அறுவை மருத்துவத்தை நிலைபெறச் செய்தவராக இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

லங்காஷயரில் உள்ள பரி என்னும் ஊரில் பிறந்த இவர், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் படை மருத்துவராகப் பணியாற்றினார். பின்னர் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு அறுவை மருத்துவ மையத்தை நிறுவினார்.

எலும்புச் சிமெண்ட்

செயற்கை மூட்டின் உலோகத் தண்டு தொடை எலும்பினுள் தளர்ந்துவிடுவது அக்காலத்தில் பெருஞ்சிக்கலாக இருந்தது. பல் மருத்துவப் பொருள் ஆய்வாளரான டென்னிஸ் ஸ்மித்தின் ஆலோசனைப்படி, பல்செட் செய்யப் பயன்படும் அக்ரிலிக் வகைப் பொருளை 1958இல் சார்ன்லி கையாண்டார். தூளும் நீர்மமும் கலந்த இக்கலவை சில நிமிடங்களில் இறுகுகிறது. இது பசை அன்று. முறிந்த எலும்புத் துண்டுகளை ஒட்டாது. எலும்பின் நுண்துளைகளில் புகுந்து இறுகித் தண்டை அசையாமல் நிறுத்துகிறது. உடல் எடையை எலும்பின் மீது பரவச் செய்கிறது.

டெஃப்லான் தோல்வி

மூட்டுக் கிண்ணத்தை முதலில் டெஃப்லானால் செய்தார். சுமார் 300 நோயாளிகளுக்குப் பொருத்திய பின்னர், அது விரைவில் தேய்வதும் துகள்கள் திசுக்களில் அழற்சி உண்டாக்குவதும் தெரியவந்தன. பலருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. அத்துகள்களைத் தம் தொடையிலேயே செலுத்தி விளைவை ஆராய்ந்தார். மாற்றாக வந்த பாலிஎத்திலீனை அவர் முதலில் புறக்கணித்தார். தொழில்நுட்பவியலாளர் ஹாரி கிரேவன் நடத்திய தேய்மானச் சோதனை அவர் கருத்தை மாற்றியது. 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணம் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது.

சிறப்புகள்

1975இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1977இல் சர் பட்டம் பெற்றார்.