செப்டிமா கிளார்க் அம்மையார்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், கடலோரமாக அமைந்தது தென் கரோலினா மாநிலம். அதன் பழைய துறைமுக நகரான சார்ல்ஸ்டனில் 1898ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் செப்டிமா அம்மையார் பிறந்தார். தந்தையார் அடிமையாகப் பிறந்து விடுதலை கண்டவர். தாயார் ஊரார் துணிகளை வெளுத்துக் குடும்பம் நடத்தியவர். மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரை நம் இளைஞர் அனைவரும் அறிவர். அவருடைய இயக்கத்திற்கு எழுத்தறிவு என்னும் அடித்தளத்தை இட்ட இவ்வம்மையாரை நம்மிடையே அறிந்தவர் சிலரே. இவருடைய வாழ்நாளிற் பெரும்பகுதி மேடைகளில் அன்று, அரசுப் பள்ளி வகுப்பறைகளிலேயே கழிந்தது. அரசுச் சம்பளம் பெறும் ஆசிரியரின் கடமை எது, அதற்கு எல்லை வகுப்பவர் யார் என்ற வினாவுக்கு இவர் தம் வேலையையே விலையாகக் கொடுத்து விடை கண்டார். ஆசிரியப் பணியை நாடி நிற்கும் நம் பிள்ளைகள் இவ்வரலாற்றை அறிய வேண்டும் என விரும்பினோம்.

1916இல், பதினெட்டு வயதில், ஏவரி என்னும் தனியார் பள்ளியில் படிப்பை முடித்து ஆசிரியர் தேர்விலும் தேறினார். மேற்படிப்புக்குப் பணமில்லை. வேலைக்குப் போகலாமென்றால், பிறந்த நகரிலேயே கதவு அடைபட்டிருந்தது. சார்ல்ஸ்டன் நகரப் பொதுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் படிக்கலாம். கறுப்பினத்தார் அங்கே ஆசிரியராகப் பணியாற்றக் கூடாது என்பது அன்றைய ஏற்பாடு. ஆகவே படகேறிச் செல்ல வேண்டிய ஜான்ஸ் தீவில், கிராமப் பள்ளியொன்றில் அமர்ந்தார்.

ஈராசிரியர் பள்ளி எப்படியிருக்கும் என்பதை நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்பள்ளியில் பிள்ளைகள் 132 பேர், ஆசிரியர் இருவர். அவ்விருவருள் செப்டிமாவே தலைமையாசிரியை. பாடமும் நடத்தவேண்டும், பள்ளியையும் நிருவகிக்கவேண்டும். சாய்மானமில்லாத பலகைகளில் பிள்ளைகள் நெருங்கி அமர்ந்தனர். போதிய புத்தகங்கள் இல்லாமையால், பிள்ளைகள் தாம் அறிந்த வயலையும் மரத்தையும் விலங்கையும் பற்றிச் சொல்லச் சொல்ல, பழுப்புத் தாள் பைகளைப் பிரித்து அவற்றில் எழுதி, அதையே பாடநூலாக்கினார். அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் காட்டு வேலைக்குப் போய்விடுவர். வேலை ஓய்ந்த பின்னரே வகுப்பு நிரம்பும். தலைமையாசிரியைக்கு மாதச் சம்பளம் 35 டாலர். உடன் பணியாற்றியவருக்கு 25 டாலர். சாலைக்கு எதிர்ப்புறம் வெள்ளையர் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே பிள்ளைகள் மூவர். ஆசிரியருக்குச் சம்பளம் 85 டாலர். இரண்டையும் நடத்தியது ஒரே அரசு. மாலை வேளைகளில் பெற்றோர் சிலர் எழுதப் படிக்கக் கேட்டு வந்தனர், அவர்களுக்கும் கற்பித்தார். அந்த வேலை எந்த நியமன ஆணையிலும் குறிக்கப்பட்டதன்று.

1919இல் நகருக்குத் திரும்பி ஏவரியில் ஆசிரியையானார். நிறத்தவர் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தில் அப்போதுதான் உறுப்பினராகச் சேர்ந்தார். நகரப் பள்ளிகளில் தம் இனத்தாருக்கும் வேலை வேண்டும் என்ற கோரிக்கையைச் சங்கம் எழுப்பியது. சமையற்காரரும் சலவைத் தொழிலாளரும் இதை விரும்பவில்லை, படித்த சிலர்தாம் விரும்புகின்றனர் என்று எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். அதற்கு மறுமொழியாக வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கினார்கள். அம்மையாரும் தம் மாணவரை உடனழைத்துச் சென்றார். ஆயிரக்கணக்கில் கையெழுத்துகள் குவிந்தன. 1920இல் கறுப்பின ஆசிரியருக்கு நகரப் பள்ளிகள் திறந்தன; தொடர்ந்து தலைமையாசிரியர் பதவிக்கும் வழி பிறந்தது.

இல்லற வாழ்வு இவருக்கு இன்பம் தரவில்லை. கடற்படையிற் பணியாற்றிய கிளார்க் என்பவரை மணந்தார்; முதற் குழந்தை சில நாட்களில் இறந்தது; 1925இல் கணவரும் மறைந்தார். 1929 முதல் மாநிலத் தலைநகரான கொலம்பியாவில் பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றினார். பணியில் இருந்தபடியே படித்து 1942இல் இளங்கலைப் பட்டமும் 1946இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். வெள்ளை ஆசிரியருக்கும் கறுப்பு ஆசிரியருக்கும் சம ஊதியம் வேண்டும் என்று அங்கே தொடரப்பட்ட வழக்கில் சங்கத்துக்குத் துணை நின்றார். 1945இல் நீதிபதி வேரிங் சம ஊதியத்தை ஆதரித்துத் தீர்ப்பளித்தார். தீர்ப்பு வந்ததும் மாநிலம் சும்மா இருக்கவில்லை. இனத்தை விட்டுவிட்டுத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு சம்பளத் தரம் பிரிக்கும் முறையைப் புகுத்தியது. ஒரு வாயிலை மூடினால் மறுவாயிலைத் திறக்கும் இந்தச் சாமர்த்தியம் நமக்கும் புதிதன்று.

1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கை நடத்தியவர்கள் சங்கத்தின் வழக்கறிஞர்களே. ஆகவே தென் மாநிலங்களின் சினமெல்லாம் சங்கத்தின்மீது திரும்பியது. 1956இல் தென் கரோலினாச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: சங்கத்தில் உறுப்பினராயிருப்பவர் மாநில அரசிலோ நகராட்சியிலோ பள்ளியிலோ வேலை பார்க்கலாகாது. அம்மாநில ஆசிரியருக்கு அன்று நிலைத்த பதவிப் பாதுகாப்பு கிடையாது. ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். ஆகவே வெளிப்படையாகத் தண்டிக்கவேண்டிய தேவையே எழவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் போதும்.

அம்மையார் உறுப்பினர் என்பதை மறைக்க மறுத்தார். நாற்பதாண்டுப் பணி அந்த ஆண்டோடு முடிந்தது, ஓய்வூதியமும் போயிற்று. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. சட்டத்தை எதிர்த்து ஒன்றுபட வருமாறு 726 கறுப்பின ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். விடையெழுதியவர் 26 பேர். கண்காணிப்பாளரை நேரிற் காண உடன்வருவதாக ஒப்புக்கொண்டவர் 11 பேர். வந்தவர் ஐவர். அவருக்குப் பாராட்டு விழா எடுத்த மாதர் சங்கத்தினர்கூட, அவருடன் நின்று நிழற்படம் எடுத்துக்கொள்ள அஞ்சினர்.

அந்த எழுநூறு பேரைக் கோழைகள் என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடலாகாது. ஒருவர் சம்பளத்தில் ஒரு குடும்பமே கரையேறிக்கொண்டிருந்த காலம் அது. வேறு வேலைக்குப் போக இடமுமில்லை. எல்லோரீ என்னும் சிற்றூரில் இருபதுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் அம்மையாரைப் போலவே மறுத்து நின்று வேலையிழந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். அவர்கள் வழக்காடினர். உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைக்குமுன், 1957இல், சட்டமன்றமே அச்சட்டத்தை விலக்கிக்கொண்டது. ஆயினும் அம்மையாருக்கு வகுப்பறை திரும்பக் கிடைக்கவில்லை.

டென்னசி மாநிலத்தில் ஹைலாண்டர் என்ற மக்கள் பயிற்சிப் பள்ளி இருந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமர்ந்து உண்டு பயின்ற இடம் அது. 1955 கோடையில் அங்கே அம்மையார் நடத்திய வகுப்பில் ரோசா பார்க்ஸ் அம்மையாரும் ஒருவர்; அதே ஆண்டு திசம்பரில் அவர் மாண்ட்கோமரிப் பேருந்தில் இடம்விட மறுத்ததை உலகமறியும். வேலையிழந்த செப்டிமா அம்மையாரை ஹைலாண்டர் பணியில் அமர்த்திக்கொண்டது.

அங்கிருந்து அவர் தொடங்கிய வேலை, தாம் முதன்முதலில் தலைமையாசிரியையாயிருந்த ஜான்ஸ் தீவுக்கே அவரைக் கொண்டு சென்றது. வாக்காளராகப் பதிவு செய்ய விரும்புவோர் மாநில அரசியலமைப்பின் பகுதியைப் படித்துக் காட்டவேண்டும் என்பது விதி. எழுத்தறியாதவருக்கு வாக்கு இல்லை. தீவில் பேருந்து ஓட்டிய ஈசா ஜென்கின்ஸ் முயற்சியால் கூட்டுறவுக் கடை ஒன்றின் பின்னறையில் 1957 ஜனவரியில் குடியுரிமைப் பள்ளி பிறந்தது. முதல் வகுப்பில் 14 பேர். கற்பித்தவர் பெர்னிஸ் ராபின்சன், அம்மையாரின் உறவினர். தொழில் தலைமுடி ஒப்பனை. சான்றிதழ் பெற்ற ஆசிரியரை அம்மையார் வேண்டுமென்றே தவிர்த்தார். படித்தவர் ஏளனம் செய்வாரோ என்று முதியோர் கூசக்கூடும். அன்றியும், அரசு பறித்துக்கொள்ளக்கூடிய வேலை எதுவும் ராபின்சனுக்கு இல்லை! தம் பெயரை எழுதவும் படிவம் நிரப்பவும் அரசியலமைப்பைப் படிக்கவும் அங்கே கற்றனர்.

1961இல் டென்னசி அரசு ஹைலாண்டரின் உரிமத்தைப் பறித்தபோது, இப்பணியைக் கிங் தலைமையிலிருந்த தென்னாட்டுக் கிறித்தவத் தலைமை மாநாடு ஏற்றது. அம்மையாரும் அதனுடன் சென்றார். குடியுரிமைப் பள்ளிகள் தென் மாநிலங்கள் பலவற்றிலும் பரவின. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்தி வைத்தது. மாநாட்டின் தலைவர்களுள் பெண்களின் சொல்லுக்குச் செவிசாய்த்தவர் சிலரே என்று அவர் பிற்காலத்தில் மனம் வருந்திக் குறித்திருக்கிறார். விடுதலை பேசும் இயக்கங்களுக்குள்ளும் இக்குறை உண்டு என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை.

1970இல் பணி ஓய்வு பெற்றார். எழுபத்தைந்து வயதைக் கடந்த பின், 1975இல், சார்ல்ஸ்டன் மாவட்டப் பள்ளி வாரியத்துக்கு மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். அவரைப் பணியிலிருந்து நீக்கியது முறையன்று என மறு ஆண்டு மாநில ஆளுநர் ஒப்புக்கொண்டு, இருபதாண்டுகளாக மறுக்கப்பட்ட ஓய்வூதியத்துக்கு உரியவரென அறிவித்தார். 1987 திசம்பர் 15ஆம் நாள் ஜான்ஸ் தீவில் அம்மையார் காலமானார்.